காடிலாக்கின் பெயரை உண்டாக்கியது பட்டறையா, விளம்பரமா?

அருண் (அண்ணா நகர்)

2026 ஃபார்முலா 1 கார்ப் பந்தயங்களில் அமெரிக்கச் சொகுசுக் கார் நிறுவனமான காடிலாக் 11-வது அணியாக இறங்குகிறது, பெரெஸும் போட்டாஸும் ஓட்டுகிறார்கள் என்று செய்தி வந்ததிலிருந்து இங்கே பலர் உற்சாகமாக இருக்கிறார்கள். எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் நேற்று ஒருவர், "உலகத்தின் அளவுகோல் திரும்பி வருகிறது" என்று எழுதியிருந்தார். அது எனக்கு உறுத்தியது. 'உலகத்தின் அளவுகோல்' என்பது காடிலாக் தனக்குத் தானே சூட்டிக்கொண்ட விளம்பர வாசகம். நூறு வருடம் கழித்தும் அதை நாம் வரலாறு மாதிரி திருப்பிச் சொல்கிறோம்.

நான் ஒன்பது வருடமாக விளம்பரத் துறையில் இருக்கிறேன். எங்கள் தொழிலில் பாடமாக எடுத்துக் காட்டும் பழைய விளம்பரங்களில் ஒன்று காடிலாக்குடையது. 1915 ஜனவரி 2, சாட்டர்டே ஈவினிங் போஸ்ட் இதழ். அதற்குச் சில மாதம் முன்புதான் காடிலாக் தன் முதல் வி8 (எட்டு சிலிண்டர்) எஞ்சினை வெளியிட்டிருந்தது. மின்சார வயர்களில் ஷார்ட் ஆகிறது, தீப்பிடிக்கிறது என்று புகார்கள். போட்டியாளரான பேக்கார்டு அதைக் குத்திக்காட்டிக்கொண்டே இருந்தது. தியடோர் மக்மேனஸ் என்பவர் உட்கார்ந்து ஒரு பக்கம் எழுதினார். அதில் காரின் படம் கிடையாது. எஞ்சினைப் பற்றி ஒரு சொல் கிடையாது. எழுதிய பத்திகளில் காடிலாக் என்ற பெயர்கூட வராது. சாரம் நம் பழமொழிதான்: காய்த்த மரம் கல்லடி படும். அந்த விளம்பரம் வந்தது ஒரே ஒரு தடவை. அதன் பிரதி கேட்டு மக்கள் பல வருடம் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

கோளாறு வயரில். பெயரைக் காப்பாற்றியது எழுத்து. என் கட்சி இதுதான்: காடிலாக்கின் மதிப்பு ஆரம்பத்திலிருந்தே விளம்பரம் கட்டிய மதிப்பு. இப்போதும் பாருங்கள், ஃபார்முலா 1 காருக்கு எஞ்சின் கொடுப்பது ஃபெராரி. மேலே ஒட்டியிருக்கும் பெயர்தான் காடிலாக். மறுப்பவர்கள் வரலாம்.

முத்துசாமி (கோவை)

தம்பி, நீங்கள் 1915-ல் ஆரம்பித்ததுதான் தப்பு. ஏழு வருடம் பின்னால் போங்கள்.

நான் 1976-ல் ஒரு பம்பு கம்பெனியின் டூல் ரூமில், அதாவது துல்லியமான கருவிகள் செய்யும் பட்டறையில், சேர்ந்தேன். 37 வருடம் அங்கேதான். சேர்ந்த முதல் வாரம் ஃபோர்மேன் ஒரு மரப்பெட்டியைத் திறந்து காட்டினார். உள்ளே வரிசையாக ஸ்லிப் கேஜ் கட்டைகள், அளவைச் சரிபார்க்கும் எஃகுக் கட்டைகள். இரண்டை எடுத்துத் துடைத்து, ஒன்றன்மேல் ஒன்றை வைத்து லேசாக அழுத்தித் திருகினார். ஒட்டிக்கொண்டது. பசை இல்லை, காந்தம் இல்லை, பரப்பு அவ்வளவு சமம். "இது தப்பாகிவிட்டால் இந்தக் கம்பெனியில் எல்லாமே தப்பு" என்றார். அன்றைக்கு அந்தக் கட்டையைத் தொடவே எனக்குக் கை வரவில்லை.

அந்தக் கட்டைகளை உருவாக்கியவர் யோகான்சன் என்ற ஸ்வீடன்காரர். அமெரிக்கக் கார்த் தொழிலில் முதலில் அவற்றை வரவழைத்துப் பயன்படுத்தியது காடிலாக். காரணம் ஹென்றி லீலண்ட். 1843-ல் பிறந்தவர். துப்பாக்கித் தொழிற்சாலையில் வேலை பழகி, அப்புறம் பிரவுன் அண்ட் ஷார்ப்பில் இருந்தவர். அந்தப் பெயர் எங்கள் தொழில்காரர்களுக்குத் தெரியும், மைக்ரோமீட்டரில் இருக்கும். 1902-ல் ஹென்றி ஃபோர்டு தன் இரண்டாவது கம்பெனியையும் விட்டு வெளியேறியபோது, பணம் போட்டவர்கள் மெஷின்களை விற்றுவிடலாம் என்று விலை மதிப்பிட லீலண்டைக் கூப்பிட்டார்கள். வந்தவர், விற்காதீர்கள், என் பட்டறையில் செய்த ஒற்றை சிலிண்டர் எஞ்சின் இருக்கிறது, அதை வைத்துக் கார் செய்யலாம் என்றார். 1701-ல் டெட்ராய்ட் நகரை நிறுவிய பிரெஞ்சுக்காரரின் பெயரை வைத்தார்கள். அதுதான் காடிலாக்.

இப்போது 1908. அந்தக் காலத்தில் கார் எப்படிச் செய்தார்கள் தெரியுமா? பாகங்கள் பக்கத்தில் வரும். ஃபிட்டர் அரத்தை வைத்துத் தேய்த்துத் தேய்த்துப் பொருத்துவார். ஒரு காரில் உட்கார்ந்த கியர், அதே மாடலில் இன்னொரு காரில் உட்காராது. உடைந்தால் ஊரில் ஒரு கைகாரர் வேண்டும். இங்கிலாந்தில் ராயல் ஆட்டோமொபைல் கிளப் மூன்று காடிலாக் கார்களை எடுத்தது. புரூக்லண்ட்ஸ் பந்தயத் தடத்தில் வைத்து மூன்றையும் முழுக்கக் கழற்றினார்கள். ஒவ்வொன்றிலும் 721 பாகம். எல்லாவற்றையும் ஒரே குவியலாகக் கலந்தார்கள். அதிலிருந்து 89 பாகங்களை எடுத்து வைத்துவிட்டு, அவற்றுக்குப் பதில் கடையில் இருந்த ஸ்பேர் பாகங்களைப் போட்டார்கள். ஸ்பானரும் ஸ்க்ரூ டிரைவரும் மட்டும் கையில். அரம் தொடக் கூடாது. மூன்று கார் மறுபடி எழுந்து நின்றது. மூன்றும் 500 மைல் ஓடின. கார்த் தொழிலில் சாதனைக்கு அந்தக் கிளப் தரும் டூவர் கோப்பை, அந்த வருடம் காடிலாக்குக்குக் கிடைத்தது. 'உலகத்தின் அளவுகோல்' என்பதற்குப் பின்னால் இருப்பது இந்தச் சோதனைதான். வேலை முதலில், வாசகம் பிறகு.

தேய்க்காமல் மூன்று கார் பூட்டுவது என்றால் என்ன என்று டூல் ரூமில் நின்றவனுக்குத்தான் முழுசாகத் தெரியும். இன்றைக்கு நீங்கள் பைக்குக்குக் கடையில் ஒரு செயின் ஸ்பிராக்கெட் வாங்கி அப்படியே மாட்டுகிறீர்களே, அது அன்றைக்கு ஐரோப்பாவில் நம்ப முடியாத விஷயம்.

அருண் (அண்ணா நகர்)

ஐயா, அருமையாக எழுதியிருக்கிறீர்கள். ஸ்லிப் கேஜ் விஷயம் எனக்குப் புதிது. ஆனால் ஒன்று விட்டுவிட்டீர்கள். அந்தச் சோதனையை முன்மொழிந்து ஏற்பாடு செய்தவர் ஃபிரடெரிக் பென்னட். அவர் யார்? இங்கிலாந்தில் காடிலாக் விற்ற ஏஜெண்ட். அமெரிக்கக் கார் என்றால் மலிவுச் சரக்கு என்று ஆங்கிலேயர்கள் வாங்கத் தயங்கினார்கள், அதனால் செய்தார். சோதனை உண்மை. அதைச் செய்ய வைத்த நோக்கம் விற்பனை.

முத்துசாமி (கோவை)

பத்திரிகை அடித்து ஊரைக் கூட்டியதால் கல்யாணம் பொய்யாகிவிடுமா தம்பி? விற்பதற்காகவே செய்திருக்கட்டும். பாகம் பொருந்தாமல் போயிருந்தால் கிளப் நடுவர்கள் முன்னால், லண்டன் பத்திரிகைகள் முன்னால் மானம் போயிருக்கும். அந்தத் தைரியம் ஏஜெண்டுக்கு எங்கிருந்து வந்தது? டெட்ராய்ட்டில் அளந்து அனுப்பியவன் மேல் இருந்த நம்பிக்கையிலிருந்து வந்தது.

இன்னொன்று. 1912-ல் செல்ஃப் ஸ்டார்ட்டர். சார்லஸ் கெட்டரிங் வடிவமைத்தது, காடிலாக் மாட்டியது. அதுவரை முன்னால் நின்று கைப்பிடியைச் சுழற்ற வேண்டும். எஞ்சின் திருப்பி உதைத்தால் கை முறியும். அதற்கும் இன்னொரு டூவர் கோப்பை. உலகத்தில் இன்று ஓடும் பெட்ரோல், டீசல் கார்கள் அந்த வழியில்தான் கிளம்புகின்றன. இதையும் விளம்பரம் என்பீர்களா?

தாமரை (மதுரை)

இரண்டு பேரும் செய்தவர்களைப் பற்றியே பேசுகிறீர்கள். வாங்கியவர்களைப் பற்றியும் பேச வேண்டும். நான் கல்லூரியில் அமெரிக்க வரலாறு நடத்துகிறேன். காடிலாக் பற்றி என் வகுப்பில் நான் சொல்வது வேறு கதை.

1930-களின் தொடக்கம். பெருமந்தம். சொகுசுக் கார் வாங்க ஆளில்லை. காடிலாக் பிரிவையே மூடிவிடலாமா என்று தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸ் மேலிடத்தில் பேச்சு. அந்த நேரத்தில் காடிலாக்கின் சர்வீஸ் பொறுப்பாளர் நிக்கலஸ் டிரைஸ்டாட். ஜெர்மனியில் பிறந்தவர். சர்வீஸுக்கு வரும் கார்களைப் பார்த்துக்கொண்டே வந்தவர் ஒன்றைக் கவனித்தார். காடிலாக் கொண்டுவருபவர்களில் கணிசமானோர் கறுப்பின மக்கள்: மருத்துவர்கள், பாடகர்கள், குத்துச்சண்டை வீரர்கள். ஆனால் கறுப்பினத்தவருக்குக் காடிலாக் விற்பதில்லை என்பது கம்பெனியின் கொள்கை. பிறகு எப்படி வாங்கினார்கள்? ஒரு வெள்ளைக்காரருக்குத் தனியாகப் பணம் கொடுத்து, அவர் பெயரில் வாங்க வைத்தார்கள். டிரைஸ்டாட் நேராக மேலிடக் கூட்டத்துக்குள் போய், அந்தக் காசை யாரோ ஒரு இடைத்தரகர் ஏன் எடுக்க வேண்டும், நாமே விற்கலாமே என்று வாதாடினார். கதவு திறந்தது, விற்பனை ஏறியது. 1934-ல் அவரே காடிலாக்கின் தலைவரானார்.

அருண் தம்பி, அந்த மக்களைப் பார்த்து எந்த விளம்பரமும் எழுதப்படவில்லை. விற்க மாட்டேன் என்று சொன்ன கடையில், கூடுதல் காசு கொடுத்து, அடுத்தவர் கையால் வாங்கினார்கள். நல்ல தெருவில் வீடு கிடைக்காது, விடுதியில் அறை கிடைக்காது, கிளப்பில் நுழைய முடியாது. கார் மட்டும் காசு இருந்தால் கிடைத்தது. தெற்கு மாநிலங்களில் இசைக்குழுவோடு ஊர் ஊராகப் போனவர்களுக்கு இரவில் படுக்க அந்தக் கார்தான் இருந்தது. 1949-ல் கறுப்பின மக்களின் இதழான எபனி இதைப் பற்றித் தலையங்கமே எழுதியது. குத்துச்சண்டை வீரர் சுகர் ரே ராபின்சன் நியூயார்க்கில் கறுப்பின மக்கள் வாழும் ஹார்லெமில் இளஞ்சிவப்புக் காடிலாக்கில் வந்து இறங்கியபோது தெருவே கூடியது. அமெரிக்காவில் உழைத்து முன்னுக்கு வந்தவனின் கார் என்ற பெயர் காடிலாக்குக்கு இவர்களாலும்தான் வந்தது. இந்த ஒரு பகுதியை விட்டுவிட்டுக் காடிலாக் வரலாறு பேசுவது எனக்கு ஏற்புடையதல்ல.

முத்துசாமி (கோவை)

அம்மா, இது எனக்குத் தெரியாது. இரண்டு முறை படித்தேன். ஒன்று மட்டும் சொல்கிறேன், அதைக் கண்டுபிடித்தவரும் சர்வீஸ் பட்டறையில் நின்ற மனிதர்தான்.

சிவா (ஸ்கார்பரோ)

லீலண்ட் ஐயாவைப் பற்றி முத்துசாமி அண்ணர் எழுதியதில் அரைவாசிதான் இருக்கு. 1909-ல் காடிலாக்கை ஜெனரல் மோட்டார்ஸ் வாங்கியது. லீலண்டையே பொறுப்பில் விட்டார்கள். 1917-ல் முதல் உலகப் போர் நேரம் விமான எஞ்சின் செய்கிற விஷயத்தில் முரண்பட்டு அவர் வெளியேறினார். வெளியே வந்து தொடங்கிய கம்பெனிதான் லிங்கன். 1864-ல் தான் முதன்முதலாக வாக்களித்த ஆபிரகாம் லிங்கனின் பெயர். ஆக அமெரிக்காவின் இரண்டு பெரிய சொகுசுக் கார்களையும் தொடங்கியவர் ஒரே ஆள். 1922-ல் லிங்கன் நொடித்துப்போக ஹென்றி ஃபோர்டு 80 லட்சம் டொலருக்கு வாங்கினார். சில மாதங்களில் லீலண்ட் அங்கிருந்தும் போக வேண்டி வந்தது.

நான் ரொறன்ரோவில் 16 வருடம் விமான நிலைய லிமோ ஓடினேன். பதிவு செய்யும் ஆட்கள் "காடிலாக் வருமா?" என்று கேட்பார்கள். ஓடுகிற எங்களுக்கு வேண்டியது லிங்கன் டவுன் கார். தனிச் சட்டகத்தின் மேல் உடலை வைத்துப் பூட்டிய கார், 4.6 லிட்டர் வி8, பின்சக்கர இழுவை. பொலிஸ்காரர் ஓடிய கிரவுன் விக்டோரியாவும் அதே அடித்தளம், ஆகவே எந்தக் கராஜிலும் பாகம் கிடைக்கும், எந்த மெக்கானிக்குக்கும் கை பழகிய எஞ்சின். கடைசி வருடங்களில் இங்கே ஒன்ராறியோவில் சென்ட் தோமஸ் ஆலையில்தான் செய்தார்கள். 2011-ல் நிறுத்தியபோது எங்கள் ஆட்கள் பலர் கடைசி வருடக் கார்களைத் தேடித் தேடி வாங்கி வைத்தோம். என்னுடையது ஏழு லட்சம் கிலோமீட்டர் தாண்டியது. அதிகாலை நாலு மணிக்கு, மைனஸ் இருபதில், ஒரு தடவை திறப்பைத் திருப்பினால் பிடித்துவிடும்.

பின் சீட்டில் இருக்கிறவர் மனதில் இருக்கிற பெயர் வேறு, முன் சீட்டில் இருக்கிறவர் நம்புகிற பெயர் வேறு. 1998-ல் அமெரிக்க விற்பனையில் லிங்கன் காடிலாக்கை முந்தியது. முதலில் தாங்கள்தான் முன்னுக்கு என்று காடிலாக் அறிவித்தது. பிறகு 1999 மே மாதம், டிசம்பர் கணக்கில் 4,773 கார்கள் கூட்டிக் காட்டப்பட்டிருந்தன என்று ஜெனரல் மோட்டார்ஸ் ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. முன்னுக்கு நிற்பதாகக் காட்டுவதற்கு ஒரு கம்பெனி இந்த அளவுக்குப் போகிறதென்றால் அருண் தம்பி சொல்வதில் ஏதோ உண்மை இருக்கு.

நித்யா (நோவை, மிஷிகன்)

சிவா அண்ணா சொன்ன 1998 கணக்கு சரி. ஆனால் அந்த நிலைமை எப்படி வந்தது என்பதுதான் முக்கியம். நான் இங்கே கார் உதிரிபாகத் துறையில் 12 வருடமாக இருக்கிறேன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டிலிருந்து இரண்டு மணி நேரத்தில் ஹிக்கரி கார்னர்ஸ் என்ற ஊரில் கில்மோர் கார் அருங்காட்சியகம் இருக்கிறது. காடிலாக்குக்கென்றே அங்கே தனிக் கட்டடம் உண்டு. ஒரு கோடைக்கால ஞாயிறு, பழைய கார் வைத்திருப்பவர்கள் அங்கே கூடியிருந்தார்கள். எண்பது வயதுப் பெரியவர் ஒருவர் தன் 1941 காடிலாக்கின் பின்னால் என்னைக் கூட்டிப்போய், "பெட்ரோல் எங்கே ஊற்றுவது, கண்டுபிடி" என்றார். நானும் இரண்டு பக்கமும் சுற்றிப் பார்த்தேன். மூடியே இல்லை. அவர் குனிந்து இடது பின்விளக்குக்கு அடியில் இருந்த சிவப்புக் கண்ணாடியை அழுத்தினார். விளக்கு அப்படியே மேலே தூக்கிக்கொண்டது, உள்ளே பெட்ரோல் மூடி. விட்டதும் 'டக்' என்று உட்கார்ந்தது. எண்பது வருடத்துக்கு மேலாகியும் இடைவெளி ஒரு காகிதக் கனம்தான். அந்த விளக்கை யாரும் வேண்டும் என்று கேட்டிருக்க மாட்டார்கள். ஆனாலும் ஒருவர் உட்கார்ந்து அந்தக் கீலை வரைந்திருக்கிறார், இன்னொருவர் அதை ஒழுங்காகச் செய்திருக்கிறார்.

அருண், நீங்கள் சொல்வது போல எல்லாம் விளம்பரம்தான் என்றால், விளம்பரம் சிறப்பாக இருந்த காலத்தில் காடிலாக் விழுந்திருக்கக் கூடாது. 1978-ல் ஏறக்குறைய 3,50,000 கார் விற்றது. அதற்குப் பிறகு நடந்ததைப் பாருங்கள். அந்த வருடம்தான் ஜெனரல் மோட்டார்ஸின் இன்னொரு பிரிவான ஓல்ட்ஸ்மொபைலின் டீசல் வி8-ஐ உள்ளே கொண்டுவந்தார்கள். 1981-ல் எட்டு, ஆறு, நாலு என்று சிலிண்டர்களை ஓட்டத்திலேயே நிறுத்தும் எஞ்சின். யோசனை நல்ல யோசனைதான், இன்று பல கார்களில் இருக்கிறது. ஆனால் அன்றைய கணினிக்கு அந்த வேகம் கிடையாது. கார் உதறியது, டீலர்கள் ஒரு வயரைக் கழற்றிவிட்டு எட்டிலேயே ஓட விட்டார்கள். 1982-ல் 4.1 லிட்டர் எஞ்சின், அலுமினிய பிளாக்கின் மேல் வார்ப்பிரும்பு ஹெட். சூட்டில் இரண்டும் ஒரே அளவில் விரிவதில்லை. கேஸ்கெட் விட்டு கூலன்ட் எண்ணெயில் கலந்தது.

அதே 1982-ல் சிமரான். இதைச் சொல்லும்போது எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிறது. செவ்ரலே கேவலியரை எடுத்து, தோல் சீட்டு போட்டு, முன்னால் வேறு கிரில் மாட்டி, பல ஆயிரம் டாலர் கூடுதலாகக் காடிலாக் பெயரில் விற்றார்கள். நாலு சிலிண்டர், 88 குதிரைத்திறன். காடிலாக் ஆக்குவதற்கு நேரம் போதாது என்று கம்பெனிக்கு உள்ளேயே எச்சரித்திருக்கிறார்கள். கேட்கவில்லை. 1984-ல் நிறுவனத்தைக் குழு குழுவாக மாற்றி அமைத்தபோது காடிலாக் தன் தனிப் பொறியியல் பிரிவையே இழந்தது. 1987-ல் காடிலாக்கின் கிளார்க் தெரு ஆலையும் மூடப்பட்டது. முத்துசாமி ஐயா மொழியில் சொன்னால், டூல் ரூமை எடுத்துவிட்டுப் பெயர்ப்பலகையை மட்டும் மாட்டி வைத்தார்கள்.

இதில் வேதனை என்னவென்றால், இந்தத் தப்பு ஏற்கெனவே கண்முன்னால் நடந்ததுதான். 1935-ல் பேக்கார்டு ஆயிரம் டாலருக்கும் குறைவான விலையில் '120' என்ற காரைத் தன் பெயரிலேயே விற்றது. அதுவரை பணக்காரர்களின் முதல் கார் பேக்கார்டுதான். ஜெனரல் மோட்டார்ஸ் அப்போது புத்திசாலித்தனமாக இருந்தது. மலிவாக விற்க வேண்டியதை 1927 முதல் லசால் என்ற வேறு பெயரில் விற்றது, காடிலாக்கின் பெயரைத் தொடவில்லை. இருபது வருடத்தில் பேக்கார்டு இரண்டாம் இடத்துக்கு இறங்கியது, 1958-ல் பெயரே மறைந்தது. அதைப் பார்த்து ஜெயித்தவர்களே 1982-ல் அதைச் செய்தார்கள்.

அருண் (அண்ணா நகர்)

அக்கா, பேக்கார்டு விஷயத்தில் ஒரு திருத்தம். '120' இல்லையென்றால் பேக்கார்டு பெருமந்தத்திலேயே போயிருக்கும். சொகுசுக் கார் மட்டும் செய்த மற்ற கம்பெனிகளின் கதி அதுதான். '120' அவர்களுக்கு இருபது வருட ஆயுள் கொடுத்தது. போரின்போது ரோல்ஸ்-ராய்ஸின் மெர்லின் விமான எஞ்சினை 55,000-க்கு மேல் செய்து கொடுத்ததும் அதே பேக்கார்டு. துல்லியம் குறைந்ததால் அவர்கள் சாகவில்லை. துல்லியம் இருந்தும் செத்தார்கள். இது என் வாதத்துக்குத்தான் வலு.

இன்னொன்று. காடிலாக் மிக உயரத்தில் இருந்த 1950-களை எடுத்துக்கொள்ளுங்கள். மக்கள் எதை வாங்கினார்கள்? பின்னால் மீன் துடுப்பு மாதிரி மேலே நீட்டி நின்ற அலங்காரத் துடுப்பை. 1957 எல்டோராடோ புரோம் விலை 13,074 டாலர். கூரை துருப்பிடிக்காத எஃகு. உள்ளே சென்ட் பாட்டில், காந்தத்தில் ஒட்டி நிற்கும் கோப்பைகள். காற்று சஸ்பென்ஷன் கசிந்தது, பலர் அதைக் கழற்றிச் சாதா ஸ்பிரிங் போட்டுக்கொண்டார்கள். அப்படியும் அந்தக் காருக்கு மதிப்புக் குறையவில்லை. ஏன்? அந்தப் பெயர் மனதில் உட்கார்ந்த விதம் அப்படி. மனதில் உட்கார வைப்பது எங்கள் வேலை. சிமரானில் நடந்தது என்ன? பெயர் சொன்னதும் கண்ணில் பட்டதும் ஒன்றாக இல்லை. அதையும் விளம்பரத்தின் தோல்வி என்றுதான் நான் பார்க்கிறேன்.

முத்துசாமி (கோவை)

துடுப்பு எனக்கும் பிடிக்காது. 1948-ல் முதலில் வந்த சின்னத் துடுப்பு பரவாயில்லை, பி-38 போர் விமானத்தின் வாலைப் பார்த்து வரைந்தது. 1959-ல் அது வளர்ந்த உயரம் வேறு.

ஆனால் துடுப்புக்கு முன்னால் பானெட்டைத் திறந்து பாருங்கள் தம்பி. 1949-ல் காடிலாக் புது வி8 கொண்டுவந்தது. 5.4 லிட்டர், 160 குதிரைத்திறன், வால்வுகள் மேலே. பழையதைவிட எடை குறைவு, சக்தி அதிகம். 1950-ல் பிரிக்ஸ் கன்னிங்ஹாம் என்ற பந்தயக்காரர் இரண்டு காடிலாக்கைப் பிரான்சில் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்துக்குக் கொண்டுபோனார். ஒன்று கடையில் விற்கும் சீரிஸ் 61 கூப், கிட்டத்தட்ட அப்படியே. 10-வதாக வந்தது. இன்னொன்றுக்கு வேறு உடல் கட்டியிருந்தார், அது 11-வது. இருபத்து நாலு மணி நேரம், முழு ஓட்டம், சாப்பாட்டு மேஜை மாதிரி அகலமான கார். அந்த எஞ்சின் இருந்ததால்தான் துடுப்பை விற்க முடிந்தது. துடுப்பு மட்டும் இருந்து எஞ்சின் சொதப்பியிருந்தால் 1982 அன்றைக்கே வந்திருக்கும்.

சிமரான் விளம்பரத்தின் தோல்வி என்கிறீர்களே, அதை மட்டும் நான் ஒருநாளும் ஒப்புக்கொள்ள மாட்டேன். கேவலியரை எவ்வளவு நன்றாக எழுதினாலும் அது கேவலியர்தான்.

செல்வம் (ஷார்ஜா)

அண்ணே, நான் இங்கே ஒரு குடும்பத்துக்கு எஸ்கலேட், அதாவது காடிலாக்கின் பெரிய எஸ்யூவி, ஓட்டுகிறேன், ஆறு வருடமாக. இந்தப் பழைய வரலாறு எதுவும் எனக்குத் தெரியாது, இன்றுதான் படிக்கிறேன். வெயில் 48 டிகிரி இருக்கும்போது நிறுத்திய வண்டியைத் திறந்து ஏசி போட்டால் கொஞ்ச நேரத்தில் பின்னால் குழந்தைகள் போர்வை கேட்பார்கள். அரபு வீட்டுக்காரர்களிடம் காடிலாக் என்றால் பெரிய மரியாதை, என் முதலாளியின் அப்பா காலத்திலிருந்தே வாங்குகிறார்கள். ஒரு சந்தேகம். எஸ்கலேட்டும் அதே ஜெனரல் மோட்டார்ஸின் ஜிஎம்சி யூக்கான் மேல் பெயர் மாற்றியதுதானே? அது ஏன் சிமரான் மாதிரி தோற்கவில்லை?

நித்யா (நோவை, மிஷிகன்)

செல்வம், இந்த இழையிலேயே நல்ல கேள்வி இதுதான். லிங்கனின் பெரிய எஸ்யூவியான நேவிகேட்டர் விற்பதைப் பார்த்து 1999 மாடலில் அவசரமாக வந்த முதல் எஸ்கலேட் நீங்கள் சொன்ன மாதிரிதான், யூக்கான் டெனாலிக்கு வேறு முகம். ஆனால் அடியில் இருந்த வண்டி தரமான வண்டி. கேவலியர் அப்படி இல்லை. 2002 மாடலில் தனி முகம், பெரிய எஞ்சின் என்று ஒழுங்காகச் செய்தார்கள். தாமரை அக்கா சொன்னது இங்கேயும் பொருந்தும். ராப் பாடகர்களும் விளையாட்டு வீரர்களும் வாங்கித்தான் எஸ்கலேட் பெயர் பரவியது.

அதே சமயம் பொறியியலும் திரும்பியது. 2008 மே மாதம் காடிலாக்கின் சிடிஎஸ்-வி கார் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் பந்தயத் தடத்தை 7 நிமிடம் 59.32 வினாடியில் சுற்றியது. ஓட்டியவர் ஜான் ஹைன்ரிசி, ஜெனரல் மோட்டார்ஸின் பொறியாளர். நாலு கதவுக் குடும்பக் காரில், ஜெர்மானியர்களின் சொந்தத் தடத்தில். இப்போதைய சிடி5-வி பிளாக்விங்கில் 668 குதிரைத்திறன், கையால் போடும் ஆறு கியர். ஒருமுறை ஓட்டிப் பார்க்கக் கிடைத்தது. கிளட்ச் மிதித்து மூன்றாவது கியரில் தள்ளும்போது அந்த லீவர் உட்கார்ந்த விதத்தில் எனக்கு 1941 பின்விளக்குதான் ஞாபகம் வந்தது.

இடையில் 1990-களின் நார்த்ஸ்டார் எஞ்சினையும் மறைக்கக் கூடாது. அற்புதமான வடிவமைப்பு, 32 வால்வு. ஹெட் போல்ட்டின் புரி மட்டும் அலுமினிய பிளாக்கிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்தது. ஒரு புரியால் ஒரு எஞ்சினின் பெயரே கெட்டது.

முத்துசாமி (கோவை)

அலுமினியத்தில் நைஸ் புரி போட்டால் அப்படித்தான் ஆகும். முரட்டுப் புரி போட்டு, போல்ட் இன்னும் ஆழமாக இறங்கியிருக்க வேண்டும்.

நித்யா (நோவை, மிஷிகன்)

பின்னாளில் அதைத்தான் செய்தார்கள் ஐயா. போல்ட்டை நீளமாக்கி, அப்புறம் புரியையும் முரடாக்கினார்கள். அதற்குள் பல வருடம் போய்விட்டது.

சிவா (ஸ்கார்பரோ)

தங்கச்சி, அந்தப் பெரியவரை மறுபடி கண்டால் பின்விளக்குத் திறக்கிற வீடியோ ஒன்று எடுத்துப் போடுங்கோ. பார்க்க வேணும் போல இருக்கு.

அருண் (அண்ணா நகர்)

தாமரை அக்கா சொன்ன பகுதியில் நான் தோற்றேன். யாரும் எழுதாத விளம்பரத்தால் வந்த வாடிக்கையாளர்கள் அவர்கள், அதை என் வாதத்துக்குள் அடக்க முடியவில்லை. 1908 சோதனையையும் இனி 'வெறும் விளம்பரம்' என்று சொல்ல மாட்டேன். மற்றபடி என் கட்சியை விடவில்லை. 1915-ல் அந்த ஒரு பக்கம் வந்திராவிட்டால் அந்த வி8 பேக்கார்டின் கையில் சிக்கியிருக்கும் என்றே இன்னும் நம்புகிறேன்.

ஃபார்முலா 1 விஷயத்தில் ஒரு பேச்சு. 2029-ல் தங்கள் சொந்த எஞ்சினைக் கொண்டுவருவதாக ஜெனரல் மோட்டார்ஸ் சொல்லியிருக்கிறது. ஃபெராரி எஞ்சினோடு எத்தனை பந்தயம் ஜெயித்தாலும் நான் கணக்கில் எடுக்க மாட்டேன். சொந்த எஞ்சினோடு முதல் புள்ளி வாங்கட்டும், இதே இழையில் வந்து முத்துசாமி ஐயா ஜெயித்தார் என்று எழுதுகிறேன்.

முத்துசாமி (கோவை)

2029-ல் எனக்கு 74 வயது. வருகிறேன் தம்பி. எஞ்சின் வெளியானதும் யாராவது பிளாக்கின் படம் கிடைத்தால் போடுங்கள், ஹெட் போல்ட் புரியை முதலில் பார்க்க வேண்டும்.